ஜஸீலாவைத் தொடாத தண்ணீர்

சங்குமுனைப்பட்டினத்தில் தன் நிக்காஹ் பேசி முடித்த மறுநாள் விடியலில், தொழுகைக்கு முன் முகமும் கை காலும் கழுவும் ஒளுவுக்காக ஜஸீலா குழாயடியில் கை நீட்டியபோது தண்ணீர் அவளைத் தொடவில்லை. குழாயிலிருந்து இறங்கிய தண்ணீர் அவள் உள்ளங்கைக்கு ஒரு நூல் மேலே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, விரல்களின் இருபுறமும் வழிந்து, சிமெண்ட் தொட்டியில் விழுந்து, தினமும் போவது போலவே முருங்கை மரத்தடிக்கு ஓடிப் போனது. செம்பில் மொண்டு தலையில் கவிழ்த்துப் பார்த்தாள். தலைமுடி நனையவில்லை, சுற்றியிருந்த தரைதான் நனைந்தது. வாளிக்குள் கையை முழங்கை வரை விட்டாள். தண்ணீர் விலகி அவள் கைக்கு இடம் கொடுத்தது. வெளியே எடுத்தபோது கை காய்ந்திருந்தது.

அவள் ஆச்சரியப்படவில்லை. பயந்தாள். ஏனென்றால் முந்தின நாள் சாயந்தர அஸர் தொழுகைக்குப் பிறகு, பெண்கள் தொழும் தைக்காவில் மற்றவர்கள் எழுந்து போன பின்னும், அவள் மட்டும் சஜ்தாவில் தரையில் நெற்றியை வைத்தபடியே கிடந்து, "யா அல்லாஹ், குறைஷா மேல எனக்கிருக்கிற இந்த ஆசைய என் மேலேருந்து கழுவி எடுத்துடு" என்று கேட்டிருந்தாள். கேட்டதற்கு வந்த பதில் இதுதானா என்று யோசித்தாள். ஒளுச் செய்கையில் முகத்தின் பாவம் முகத்துத் தண்ணீரோடும் கையின் பாவம் கைத் தண்ணீரோடும் இறங்கிப் போகும் என்று தைக்காவில் சின்னப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவளே அவள்தான். தண்ணீரே கிட்ட வராவிட்டால் பாவம் எதைப் பிடித்துக்கொண்டு இறங்கும்?

குறைஷா என்பவள் அந்த ஊரில் மவுத்தாகிவிட்ட, இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்டுகிறவள். முன்பு அவளுடைய உம்மா செய்த வேலை அது. உம்மா போன பிறகு, ஊர் எல்லையில் அடக்கம் செய்யும் மையவாடிச் சுவரை ஒட்டியிருந்த ஓட்டு வீட்டில் குறைஷா தனியாக இருந்தாள். துக்கம் விழுந்த வீட்டுக்கு மட்டும் அவளைக் கூப்பிடுவார்கள், கல்யாண வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை, அவள் உட்பட. ஜஸீலாவின் பெரியும்மா மவுத்தானபோது குளிப்பாட்டும் இடத்தை மறைத்த திரைத்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜஸீலா. தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாதே என்பது போலக் குறைஷா பெரியும்மாவின் கையைத் தூக்கி, "கொஞ்சம் திரும்பிக்கங்க மாமி" என்று உயிரில்லாத அந்த மய்யித்திடம் சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரை வார்த்ததை அவள் பார்த்தாள். அதன் பிறகு அவளால் வேறு எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.

வீடுகளின் பின்பக்கமாகப் பெண்கள் மட்டும் நடக்கும் குறுகலான முடுக்குகள் அந்த ஊரில் உண்டு. அந்த முடுக்குகளில் இருவரும் எதிர்ப்பட்டார்கள், நின்றார்கள், பேசினார்கள், பிறகு பேசாமலும் நின்றார்கள். மற்றவர்கள் முன்னால் ஜஸீலா அவளை அக்கா முறையில் ராத்தா என்பாள். தனியே இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், அந்தப் பெயரைச் சொல்வதற்காகவே சில நாள் கூப்பிடுவாள். தங்களுக்குள் இருந்ததற்கு அவர்கள் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. மார்க்கக் கிதாபில் அதற்கு இருந்த பெயர் ஜஸீலாவுக்குத் தெரியும். ஓதிக் கொடுக்கையில் அந்தப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்தி வேகமாக ஓதிக் கடந்துவிடுவாள்.

தண்ணீர் தொடாததை வீட்டில் சில நாள்தான் மறைக்க முடிந்தது. ஐப்பசி மழை ஊரை ஊற வைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், தைக்காவுக்குப் போன ஜஸீலா வெள்ளைத் துப்பட்டி மொடமொடப்புக் குலையாமல் உள்ளே நுழைந்தாள். பின்னால் வந்தவர்கள் துப்பட்டியைப் பிழிந்துகொண்டே அவளைப் பார்த்தார்கள். அன்று நடுப்பகல் லுஹருக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரம்மா தோலில் ஏதோ குறை என்று களிம்பு எழுதிக் கொடுத்தாள். ஒருத்தி ஜஸீலாவைப் பிடித்துக் கிணற்றில் விழுந்த தங்கச் சிமிக்கியை எடுத்துத் தரச் சொன்னாள், அவளும் இறங்கி எடுத்துக் கொடுத்துவிட்டுக் காய்ந்த பாவாடையோடு மேலே வந்தாள். பிள்ளைகள் கொஞ்ச நாள் மாடியிலிருந்து அவள்மேல் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்துவிட்டுச் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். பள்ளிவாசலில் தொழ வைக்கும் லெப்பை விசாரித்துவிட்டு, "தண்ணி கிடைக்காதவனுக்கு மண்ணால தயம்மும் செய்ய மார்க்கத்துல இடமிருக்கு. இந்தப் புள்ளைக்குத் தண்ணி கிடைக்கல, அவ்வளவுதான். மண்ணத் தொட்டுத் தொழட்டும்" என்றார். தண்ணீர் தொடாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது, கலங்கரை விளக்கம் இருக்கிறது என்பதைப் போல ஊருக்குப் பழகிவிட்டது.

ஜஸீலாவுக்குத்தான் பழகவில்லை. சுத்தமான மண்ணில் உள்ளங்கையை அடித்து முகத்தில் தடவித் தொழுதாள். அழுதால் கண்ணீர் கன்னத்தைத் தொடாமல் இமை நுனியிலிருந்து நேரே மடியில் விழுந்தது. குறைஷா வரும் முடுக்குகளை விட்டுவிட்டு வேறு முடுக்குகளில் சுற்றிப் போனாள். ஒரு தரம் எதிரே அந்தக் காலடிச் சத்தம் கேட்டு யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டுக்குள் புகுந்து, கோழிக் கூட்டின் பக்கத்தில் குந்தியபடி, சத்தம் கடந்து போகும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இதனால் கல்யாணம் நின்றுவிடும் என்று அவள் உள்ளுக்குள் நினைத்திருந்தால் அதுவும் நடக்கவில்லை. மாப்பிள்ளை ஹாங்காங்கில் கல் வியாபாரம் செய்கிறவன், தங்கமான பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் உம்மா வீடு தேடி வந்து, "தண்ணி ஒட்டாட்டி என்னா? தொழுவுறா, ஓதுறா. எனக்கு அது போதும்" என்று ஜஸீலாவின் உம்மா சல்மத்தின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான் என்பதால் மாடியறைக்கு வெள்ளையடித்தார்கள். புதுக் கட்டில் வந்து இறங்கியது. ஜஸீலா அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் சுவரோரமாக நடந்தாள்.

ஆனாலும் மணப்பெண்ணின் தலை நனையாமல் நிக்காஹ் எப்படி என்று பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. யாராவது ஒருத்தியின் கைக்குத் தண்ணீர் கட்டுப்படும் என்று முடிவு கட்டி, நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில் முற்றத்தில் ஜஸீலாவை மணையில் உட்கார வைத்து, ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள், ஏழு பிள்ளை பெற்றவள், குர்ஆனை மனனம் செய்தவள் என்று ஆளுக்கு ஒரு செம்பாக ஊற்றினார்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள், பன்னீரை ஊற்றினார்கள், மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரையும் ஊற்றினார்கள். முற்றம் குளமாயிற்று. நடுவில் ஜஸீலா காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பக்கத்துத் தெரு துக்க வீட்டுக்குப் போக முடுக்கில் குறைஷா வந்துகொண்டிருந்தாள்.

"குறைஷா போறாளே, அவளையும் ஒரு செம்பு ஊத்தச் சொன்னா என்ன?" என்றாள் மச்சி முறையான ஒருத்தி.

"கல்யாண வீட்டுல அவ கை எதுக்கு?" என்றாள் சல்மத்து. ஆனால் அவளும் களைத்துப்போயிருந்தாள். யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

குறைஷா பின்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி உள்ளே வந்தாள். ஜஸீலா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. யாரும் அதைக் கவனிக்கவில்லை. குறைஷா குனிந்து வாளியில் மொண்டு, மற்றவர்கள் போலக் கவிழ்க்காமல், செம்பைச் சாய்த்து மெதுவாக வார்த்தாள். தண்ணீர் ஜஸீலாவின் உச்சியில் இறங்கி, முடியைப் படிய வைத்து, நெற்றியில் வழிந்து, இமைகளில் தங்கி, கழுத்தில் ஓடி, சட்டையை உடம்போடு ஒட்ட வைத்தது. அத்தனை நாள் தாகத்தில் கிடந்தவள் போல அவள் கண்களை மூடி முகத்தை மேலே தூக்கினாள்.

மய்யித்தைக் குளிப்பாட்டும் கை ஊற்றினால் மட்டும் நனைகிறவள் யார் என்பதை முற்றத்தில் ஒவ்வொருத்தியும் தனக்குள் கணக்குப் போட்டாள், மவுத்தானவள் என்று எல்லோருக்கும் ஒரே விடைதான் வந்தது. ஒரு மூலையிலிருந்து யாரோ மெதுவாக, "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று துக்கச் செய்தி கேட்டால் சொல்வதைச் சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராகத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, துக்க வீட்டிலிருந்து போகிறவர்களைப் போல, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளையின் உம்மா உண்மையாகவே அழுதாள். "அல்லாஹ் கொடுத்தான், எடுத்துக்கிட்டான்" என்றாள். சாயந்தரம் வரை ஊர்ப் பெண்கள் வந்து சல்மத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். ஜஸீலா தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கியவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த வாப்பா போனில் பேசினார். மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லாமல், மவுத்தானவர்களுக்கு ஓதும் யாசீன் அவளுக்காக எத்தனை ஓதினார்கள் என்று கேட்டார்.

ஜமாஅத்தில் இதைப் பற்றிப் பேசினார்கள். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "மூச்சு விடுறவளுக்கு நான் மவுத்துக்கான ஜனாஸா தொழ வைக்க மாட்டேன். ஊரு சொல்றத பொய்ன்னும் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். தண்ணி கிடைக்கும்போது மண்ணு செல்லாது. குறைஷா ஊத்தினா நனையுதுன்னா, ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் குறைஷாதான் ஊத்தணும்."

அப்படியாக, யாரைத் தன்னிடமிருந்து எடுத்துவிடச் சொல்லி ஜஸீலா கேட்டாளோ அவளையே மார்க்கத்தின் பேரால் ஊர் தினம் ஐந்து வேளை அவள் வீட்டுக்கு அனுப்பியது. பாங்கு சொன்னதும் முடுக்கில் குறைஷாவின் காலடி கேட்கும். இது அல்லாஹ்வின் கருணையா, இல்லை அவளைப் பாவத்தின் வாசலிலேயே நிறுத்திவைத்துப் பார்க்கிற சோதனையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. குறைஷா வார்ப்பாள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்று வரிசை தவறாமல் தண்ணீர் இறங்கும். இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அடுப்படியில் சல்மத்து இருப்பாள்.

தைக்காவில் அவள் நின்றால் இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டுப் பெண்கள் நின்றார்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய வரிசையில் அவள் இரண்டு பக்கமும் காற்று நின்றது. ஓதிக் கொடுக்கும் வகுப்பை வேறொருத்திக்கு மாற்றினார்கள். சின்னப் பிள்ளை ஒன்று அவளைப் பார்த்து, கபருக்குப் போனால் மவுத்தானவர்களுக்குச் சொல்லும் சலாத்தைச் சொல்லிவிட்டு ஓடிற்று. அன்று அஸருக்கு வந்த குறைஷாவிடம் அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நான் மவுத்தாயிட்டேனா?"

குறைஷா செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "மவுத்தானவங்க கை எனக்குத் தெரியும், ஜஸீ. பிடிச்சா பிடிச்ச இடத்துலயே இருக்கும். இது என் கையப் பிடிக்குது."

ஜஸீலா சட்டென்று கையை இழுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். சல்மத்து கதவோரத்தில் நின்றிருந்தாள்.

குறைஷா போன பிறகு சல்மத்து மகளை மாடியறைக்கு அழைத்துப் போனாள். புதுக் கட்டிலில் உட்கார்ந்து, யாரும் உடுத்தாத நிக்காஹ் புடவையை மடித்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு முற்றத்துல உன் தலையில தண்ணி விழுந்தப்ப எல்லாரும் தண்ணியப் பாத்தாங்க. நான் உன் மொகத்தப் பாத்தேன்."

ஜஸீலா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பேருந்து?"

"பெரியும்மா மவுத்தானதுலேருந்து."

"துஆ கேட்டியா?"

"கேட்டேன் உம்மா. கழுவி எடுன்னு அழுது கேட்டேன். அதுக்கப்புறந்தான் இப்படி ஆச்சு."

சல்மத்து மடித்த புடவையை உதறி மறுபடி மடித்தாள். "ஊரு உன்ன மவுத்துன்னு சொல்லுது. அத நான் தாங்கிக்குவேன். நாலு பேரு வந்து அழுவாங்க, நானும் அழுவேன், அதுக்கு ஒரு முடிவு உண்டு. மத்தது தெரிஞ்சா முடிவே இல்ல. உன்ன மட்டுமில்ல, அந்த உம்மா இல்லாத புள்ளையையும் விட மாட்டாங்க."

"அப்ப நான் என்ன செய்யணும் உம்மா?"

"மவுத்தா இரு" என்றாள் சல்மத்து.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் போயிருந்த நேரத்தில் அவள் மகளின் மாற்றுத் துணிகளை ஒரு பையில் போட்டு, குர்ஆனை மேலே வைத்து, முடுக்கு வழியாக அழைத்துப் போனாள். கதவுகள் பாதி திறந்திருந்தன. உள்ளேயிருந்து ஓதும் சத்தம் கேட்டது. மவுத்தானவள் மையவாடிப் பக்கம் போவதில் ஊருக்குக் கேள்வி ஒன்றும் இருக்கவில்லை. பெண்கள் மையவாடிக்குப் போகக் கூடாது என்பதால் முடுக்கு முடியும் மூலையில் சல்மத்து நின்றுவிட்டாள். மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. பையைக் கொடுத்துவிட்டு, "தொழுகைய விட்டுடாதே" என்று மட்டும் சொன்னாள். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போய், துக்கம் காப்பதற்கு உரிய நாள் முழுவதும் முறையாகத் துக்கம் காத்தாள்.

குறைஷாவின் வீட்டில் ஒரு பாய் இருந்தது, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது, ஜன்னலைத் திறந்தால் கபர்களின் தலைமாட்டு மீஸான் கற்கள் தெரிந்தன. ஜஸீலா அங்கே சிரித்த நாள்களும் உண்டு. குறைஷா மீன் குழம்பில் புளியை அள்ளிப் போட்டுவிட்டு முழித்தபோது சிரித்தாள். ஆனால் பயம் அவளோடு பையில் வந்திருந்தது. தொழுது முடித்து சலாம் கொடுத்ததும் குறைஷாவைக் கேட்பாள், "இது ஏத்துக்கப்படுமா?" குறைஷாவுக்கு அவ்வளவு ஓதத் தெரியாது. "நான் வார்த்தது உன்ன நனைக்குது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பாள். சில நாள் ஜஸீலா பாயைச் சுருட்டிக்கொண்டு போய் வாசலில் படுத்தாள். பிறகு உள்ளே வந்தாள். மறுபடி அழுதாள்.

ஊர் அவளுக்கு ஒரு வேலையையும் கண்டுபிடித்தது. துக்க வீட்டுப் பெண்கள் முடுக்கு மூலைவரை வந்து நின்று, அவளைக் கூப்பிட்டு, மவுத்தானவர்களுக்குச் சேதி சொல்லிவிட்டார்கள். எங்க உம்மாட்ட சொல்லு, நகைய தங்கச்சிக்கே கொடுத்துட்டேன்னு. எங்க வூட்டுக்காரர்ட்ட சொல்லு, நான் அன்னைக்குக் கோவத்துலதான் பேசினேன்னு. எனக்கு யாரையும் தெரியாது என்று ஜஸீலா முதலில் சொன்னாள். அவர்கள் நகரவில்லை. பிறகு அவள் கேட்டுக்கொண்டாள், அவர்களுக்காக துஆச் செய்தாள், அவர்களும் இலகுவாகித் திரும்பிப் போனார்கள். சல்மத்து ஒரு நாளும் அந்த மூலைக்கு வரவில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் யாரிடமாவது ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி கொடுத்தனுப்பினாள்.

அடுத்த மழைக்காலத்தில் சல்மத்து லுஹர் தொழுதுகொண்டே சாய்ந்து மவுத்தானாள்.

குறைஷாவைக் கூப்பிட ஆள் வந்தது. ஜஸீலாவும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூடவே கிளம்பினாள். ஒருவரும் தடுக்கவில்லை. மவுத்தைக் குளிப்பாட்ட மவுத்தைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பழைய முற்றத்தில் திரை கட்டி, இருவர் வெளிப்பக்கம் பார்த்தபடி அதைப் பிடித்துக்கொண்டார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை வைத்தார்கள்.

"நீ ஊத்து. உன் உரிமை" என்றாள் குறைஷா. அவள் சல்மத்தின் தோளைத் தாங்கிக்கொண்டாள்.

ஜஸீலா உம்மாவின் வலது கையைத் தூக்கிப் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் உம்மாவின் தோளில் விழுந்து, மெலிந்த கையோடு ஓடி, விரல் நுனியிலிருந்து ஜஸீலாவின் உள்ளங்கைக்குள் இறங்கியது. விலகவில்லை. மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, சட்டைக் கைக்குள் நுழைந்து, முழங்கை வரை வெதுவெதுப்பாக ஏறியது. குறைஷாவின் கை படாமலேயே அவள் நனைந்துகொண்டிருந்தாள்.

அவள் அசையாமல் நின்றாள். திரைக்கு அந்தப் பக்கம் ஊர் முழுவதும் உட்கார்ந்திருந்தது. ஈரக் கையை வெளியே ஒரு தரம் நீட்டிக் காட்டினால் போதும், அவள் உயிரோடு இருப்பவளாகிவிடுவாள். தைக்கா வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். பிள்ளைகள் ஓத வருவார்கள். வாப்பா போனில் அவள் பெயரைச் சொல்வார். மாடியறைக்கு மறுபடி வெள்ளையடிப்பார்கள். உம்மா தன்னை மன்னித்துத் திரும்பக் கூப்பிடுகிறாளா, இல்லை மன்னித்து விட்டுவிடுகிறாளா? மூடிய அந்தக் கண்களைப் பார்த்துப் பார்த்தும் அவளுக்கு விளங்கவில்லை. அவள் வாழ்நாளில் பட்ட பயமெல்லாம் அந்த ஒரு கையில் வந்து சொட்டிக்கொண்டிருந்தது.

திரை பிடித்தவர்களில் ஒருத்தி, "முடிஞ்சிதா?" என்றாள்.

ஜஸீலா சட்டைக் கையை இழுத்து விட்டாள். அதன் மேல் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னும் இல்ல" என்றாள் குறைஷா, அவளுக்குப் பதிலாக. அவள் பார்த்திருந்தாள்.

கபன் துணி சுற்றி, முகம் காட்டி, சந்தூக்குப் பெட்டியை ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு இருவரும் முடுக்கு வழியே திரும்பினார்கள். வானம் கறுத்திருந்தது. முதல் துளி ஜஸீலாவின் மூக்கின் மேல் விழுந்து அங்கேயே நின்றது. கதவோரங்களில் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், மவுத்தானவள் மழையில் காய்ந்து போவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். குறைஷா குடையை விரித்து அவள் தலைக்கு மேல் தாழப் பிடித்தாள். ஜஸீலா அதற்குள் ஒடுங்கி, பாதங்கள் நனைவது தெரியாமல் புடவையை இழுத்துவிட்டு, ஓடாமல், ஓடினால் சந்தேகம் வரும் என்று ஓடாமல், அந்த முடுக்கு முழுவதும் நடந்தாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அஸர் பாங்கு கேட்டது. அவள் தனியே பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். உள்ளங்கைக் குழியில் தண்ணீர் நிறைந்து, தளும்பி, விரலிடுக்கில் வழிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"குறைஷா" என்றாள்.

குறைஷா செம்போடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "இனிமே உனக்கு நான் ஊத்த வேணாம்" என்றாள். "நீ போகணும்னா இப்பவே போகலாம். மழை இருக்கும்போதே போ, எல்லாரும் பாப்பாங்க."

மையவாடியில் மண் தள்ளும் சத்தம் கேட்டது. ஆண்கள் அங்கே உம்மாவை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஜஸீலா ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, தொட்டி ஓரத்தில் குந்தி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

"வக்து போகுது" என்றாள். "ஊத்து."